தலை வேறு, வயிறு வேறு

றிச்மண்ட் ஹில் கோயில் மண்டபத்தில் ஒருநாள் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, முன்னால் நின்ற அம்மா ஒருவர் திரும்பி, "பிள்ளை எங்கை வேலை செய்தனீங்கள்?" என்று கேட்டார். பென்சன் எடுக்கிற என்னைப் பிள்ளை என்று கூப்பிட்ட சந்தோஷத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"நுளம்பு வெட்டினனான், அம்மா."

அவர் மெல்ல ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார். என் கணவர் அவசரமாகக் குறுக்கே வந்து, "லாப் வேலை, அன்ரி. லாப்பிலை" என்று திருத்தினார். ஆனால் நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் நான் செய்தது அதுதான். எங்கெங்கோ காட்டிலும் சுரங்கத்திலும் பிடித்த நுளம்புகள் காய்ந்து கருவாடாகி ரொறன்ரோவுக்கு வரும். அவற்றில் மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் ஆய்வுகூடத்தின் வேலை. பார்ப்பதற்கு முன் ஒவ்வொரு நுளம்பையும் இரண்டாக வெட்டவேண்டும். தலையும் நெஞ்சும் ஒரு குழாயில், வயிறு இன்னொரு குழாயில். அந்த வெட்டு என்னுடைய பொறுப்பு.

ஓய்வுபெற்று ஒரு வருடம் ஆகப்போகிறது. போன கிழமை, என் இடத்தில் இப்போது இருக்கும் கோகிலா போன் எடுத்தாள். தஞ்சாவூர்க்காரி. வேலையில் எனக்குச் சமம், வாயில் எனக்கு மேல்.

"அக்கா, இனிமே கொசுவ ரெண்டா வெட்ட வேண்டாங்கறாங்க. முழுசாப் போட்டு அரைச்சாப் போதுமாம். மிச்சத்தைப் புது மெஷின் பாத்துக்குமாம்."

"ஆர் சொன்னது?"

"மேல இருக்கறவங்க. நேரம் மிச்சமாகுதாம். வர்ற வாரம் மீட்டிங் இருக்கு. அந்த மேர்லின் கதைய எழுதிக் குடுங்கக்கா. நான் சொன்னா கேள்விப்பட்டதைச் சொல்றேன்னு போயிடுவாங்க. கூடவே இருந்தவங்க நீங்க."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அடுப்பை நிற்பாட்டிவிட்டு எழுத உட்கார்ந்தேன். கோகிலா இதை ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்வாள். எனக்குக் கோபம் வடிவாக வருவது தமிழில்தான்.

நான் இந்த வேலைக்குள் வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்தேன். கரண்ட் இல்லாத காலம். நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை யன்னல் பக்கம் திருப்பி, வெயில் விழும்வரை காத்திருந்து, கரப்பான் பூச்சியின் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பிரித்தெடுப்போம். மற்றவர்கள் அருவருத்துக்கொண்டு செய்வார்கள், எனக்கு அது பிடிக்கும். கனடாவுக்கு அகதியாக வந்து சில வருடம் டோனட் கடையில் நின்றேன். பிறகு இங்கே ஆய்வுகூட வேலை படித்து, இந்த ஆய்வுகூடத்தை நடத்திய டொக்டர் ஹெலனிடம் நேர்முகத்துக்குப் போனேன். அவர் என் படிப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஒரு காய்ந்த நுளம்பையும் இரண்டு இடுக்கிகளையும் மேசையில் வைத்து, "இதை எங்கே பிரிப்பீர்கள்?" என்றார். நெஞ்சும் வயிறும் சேருகிற இடத்தில் பிரித்துக் காட்டினேன். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

டொக்டர் ஹெலனும் இனி வரப்போகும் மேர்லினும் பேசியது ஆங்கிலம். என் காதுக்குள் அது தமிழாகத்தான் கிடக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

டொக்டர் ஹெலன் கனடாவின் கிழக்குக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். நெடிய உருவம், மெல்லிய குரல், இப்போது அவரும் ஓய்வில். எதைக் காட்டினாலும் "பார்ப்போம்" என்பார். நல்ல முடிவு வந்தாலும் பார்ப்போம், கெட்ட முடிவு வந்தாலும் பார்ப்போம். பிள்ளை பிறந்த செய்தியைச் சொன்னாலும் இந்த மனிசி அதைத்தான் சொல்லும் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

அவருடைய ஆய்வுகூடத்தில் வெட்டுவதற்கு ஒரு முறை உண்டு. இடது கை இடுக்கியில் நீல நாடா, அது தலைப் பக்கத்துக்கு மட்டும். வலது கை இடுக்கியில் சிவப்பு நாடா, அது வயிற்றுக்கு மட்டும். ஒவ்வொரு நுளம்புக்கும் புதுக் கடதாசி விரிக்கவேண்டும். ஒன்று முடிந்ததும் இரண்டு இடுக்கிகளையும் முதலில் பிளீச்சில், பிறகு தண்ணீரில், பிறகு ஸ்பிரிட்டில் முக்கித் துடைக்கவேண்டும். இதோடு விட்டாரா என்றால் இல்லை. ஆய்வுகூடத்திலேயே வளர்ந்த, இரத்தத்தின் ருசியே தெரியாத நுளம்பு ஒன்றை எங்களுக்குத் தெரியாமல் இடையில் சேர்த்துவிடுவார். அதில் கிருமி இருப்பதாக முடிவு வந்தால், எங்கள் கையில் எங்கோ சுத்தம் தவறிவிட்டது என்று அர்த்தம். அன்றைய வேலை முழுதும் குப்பைக்குப் போகும்.

அப்படி நடந்தால் அவர் ஏச மாட்டார். தன் கையால் தேத்தண்ணி ஊற்றி எங்கள் மேசைக்குக் கொண்டுவந்து வைப்பார். அதற்கு அர்த்தம், குடித்துவிட்டுத் திரும்பச் செய் என்பதுதான். டொக்டர் ஹெலன் கோப்பையோடு வருவதைக் கண்டாலே நாங்கள் புதுக் கடதாசியை எடுத்துவிடுவோம்.

ஏன் இந்தப் பாடு என்று கேட்பவர்களுக்கு: காய்ச்சல்காரனைக் கடித்த நுளம்பின் வயிற்றுக்குள் அவனுடைய இரத்தத்தோடு கிருமியும் போகும். அது அங்கே வளர்ந்து, நெஞ்சுக்கு ஏறி, உமிழ்நீருக்குள் வந்து சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் பிடிக்கும். அதற்குள் முக்கால்வாசி நுளம்புகள் செத்துப்போகும். ஆகவே வயிற்றில் கிருமி இருந்தால், இந்த நுளம்பு ஒரு நோயாளியைக் கடித்திருக்கிறது என்றுதான் பெரும்பாலும் சொல்லலாம். தலைப் பக்கத்தில் இருந்தால்தான் அது இன்னொருவருக்கு நோயைக் கொடுக்கும். முழு நுளம்பையும் சேர்த்து அரைத்தால் இந்த இரண்டில் எது என்று ஆண்டவனுக்கும் தெரியாது.

இனி மேர்லின்.

கயானாவின் உள்காட்டில் தங்கம் தோண்டுகிற பகுதி அது. ஒரு பெரிய கொம்பனியின் சுரங்கம். அதன் ஓரத்தில், சொந்தமாகக் குழி தோண்டிப் பிழைக்கிற சனங்களின் குடியிருப்பு. எங்கும் மலேரியா. கொம்பனியே செலவை ஏற்று, நுளம்புகளைப் பரிசோதிக்க எங்களைக் கேட்டது. நுளம்பு பிடிக்க அந்தக் குடியிருப்பிலிருந்தே ஒருத்தியை வேலைக்கு எடுத்தோம். அவள்தான் மேர்லின். இரண்டு பிள்ளைகளின் தாய், புருஷன் குழியில் வேலை. கயானாக்காரரும் எங்களைப் போல மூத்த பெண்களை அன்ரி என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது அவளால்தான் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவில் ஒரு வலைத் திரையைக் கட்டிவைப்பாள். பொழுதுபடுகிற நேரம் சனங்களைக் கடித்துவிட்டுக் காட்டுக்குத் திரும்புகிற நுளம்புகள் வயிறு கனத்து அந்தத் திரையில் குந்தும். மேர்லின் ரோர்ச் லைற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக் குழாயால் ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுப்பாள். குழாயின் நடுவில் வலை இருக்கும், வாய்க்குள் போகாது. பிறகு ஒவ்வொன்றையும் தனிச் சின்னக் குழாயில், ஈரம் உறிஞ்சும் மணிகளுக்கு மேல் போட்டு மூடி அனுப்புவாள்.

கடை வைஃபையில் வீடியோ எடுத்துப் பேசும்போது அவளுடைய வீட்டைக் காட்டினாள். நல்ல மரச் சுவர், கூரைக்கு மட்டும் நீலத் தார்ப்பாய். "ஏன் தகரம் போடேல்லை?" என்று கேட்டேன்.

"கொம்பனி எந்த நேரமும் எழும்பிப் போகச் சொல்லும், அன்ரி. எழும்பிற இடத்துக்கு ஆர் தகரம் போடுவினம்?"

முதல் பெட்டி வந்தது. குழாய்களைத் திறந்தால் உள்ளே தூள். தலை ஒரு பக்கம், கால்கள் ஒரு பக்கம், வயிறு மணிகளோடு ஒட்டிக்கிடந்தது. எதை எங்கே வெட்டுவது? டொக்டர் ஹெலன் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எறிவதற்கு மனம் வரவில்லை. முழுதாக அரைத்துப் பார்ப்போம், எங்களுக்கு ஒரு யோசனைக்கு மட்டும், வெளியே போகக்கூடாது என்றார். அரைத்துப் பார்த்தோம். குடியிருப்பு நுளம்புகளில் பாதிக்கு மேல் கிருமி.

அந்த முடிவு வெளியே போனது. இந்தப் பரிசோதனைத் திட்டத்தின் அலுவலகத்தில் இருந்த ஒரு நல்ல மனிதர், கொம்பனி கேட்டதும், தற்காலிக முடிவு என்று தலைப்புப் போட்டு அனுப்பிவிட்டார். தற்காலிகம் என்ற சொல்லை அங்கே ஒருவரும் வாசிக்கவில்லை. குடியிருப்புத்தான் நோயின் கிடங்கு, மழைக்கு முன்னம் சனங்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடவேண்டும் என்று கொம்பனியின் சுகாதார மனேஜர் திட்டம் போட்டுவிட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடமும் இல்லை, கடையும் இல்லை.

மேர்லின் என்னைத்தான் கூப்பிட்டாள். அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அன்ரி, அந்த நுளம்பெல்லாம் நான் பிடிச்சது. என்ரை வாசல்லை பிடிச்சது. இப்ப சனம் என்னைத்தான் கேக்குது, நீதானே காட்டிக் குடுத்தனி எண்டு. நான் என்ன சொல்லுறது?"

சொந்த வீட்டை விட்டு எழும்பிப் போவது என்றால் என்ன என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. எங்கள் ஊர் வீட்டுச் சாவி இன்னும் அலுமாரிக்குள் கிடக்கிறது, வீடுதான் இல்லை. போனை வைத்துவிட்டு நேரே டொக்டர் ஹெலனின் அறைக்குப் போனேன்.

அவர் ஏற்கனவே மனேஜரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். அதே மெல்லிய குரல். "நீங்கள் வைத்திருக்கும் முடிவு பிழை இல்லை. அது பாதி. மற்றப் பாதி தெரியாமல் ஒரு நாயைக்கூட நான் இடம் மாற்ற மாட்டேன். இன்னொரு பெட்டி வரட்டும். அதுவரை பொறுங்கள்." மழை தொடங்கும்வரை பொறுப்பதாக அந்த மனிதர் ஒப்புக்கொண்டார். அதற்குள் முழு நுளம்புகள், தலையும் வயிறும் ஒன்றாய், ரொறன்ரோவுக்கு வந்து சேரவேண்டும்.

ஏன் தூளாகின்றன என்று அறிய, மேர்லினைப் பொதி கட்டிக் காட்டச் சொன்னேன். வீடியோவில் காட்டினாள். நுளம்பை மணிகளுக்கு மேல் வைத்தாள். அதன் மேல் பஞ்சு வைத்தாள். பிறகு நெருப்புக்குச்சியால் அந்தப் பஞ்சை இறுக்கி இறுக்கி அமத்தினாள்.

"ஏன் பிள்ளை இந்தக் குத்து?"

"லொறியிலை குலுங்கும் அன்ரி. படகிலையும் குலுங்கும். அசையாமல் இருக்கட்டும் எண்டு."

பாவம், கவனத்தால் வந்த கேடு. ஆனால் பஞ்சை விட்டால் உண்மையிலேயே குலுங்கி உடையும். இறுக்கமும் கூடாது, தளர்வும் கூடாது. இதற்கு ஆய்வுகூடத்தில் வழி கிடைக்காது, அங்கே மேசை ஆடாது. நாங்கள் குடியிருப்பது ரொறன்ரோவின் ஓரம், மில்லிக்கன் பக்கம். எங்கள் பின்வளவில் கோடையில் நுளம்புக்குக் குறைவில்லை. மலேரியா நுளம்பு இல்லை, ஆனாலும் உடம்பு உடம்புதான். கொஞ்சம் பிடித்து, காயவைத்து, சின்னக் குழாய்களில் பலவிதமாகப் பொதிந்தேன். சிலதில் பஞ்சு, சிலதில் துணி, சிலதில் முகம் துடைக்கும் ரிஷ்யூவின் ஒரு தாள். எல்லாவற்றையும் பிஸ்கற் பேணிக்குள் போட்டுக் காரின் பின்பெட்டியில் வைத்தேன். அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் புறப்பட்டோம்.

ஸ்ரீல்ஸ் வீதியில் குழிகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு குழியையும் விடாதையுங்கோ என்று கணவரிடம் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை.

"உதென்னப்பா பின்னாலை கிலுகிலுக்குது?"

"நுளம்பு."

கண்ணாடியில் ஒருமுறை பின்பக்கம் பார்த்தார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விரதத்தோடை, செத்த நுளம்பைக் காவிக்கொண்டு கோயிலுக்குப் போற ஒரே பொம்பிளை நீராத்தான் இருப்பீர்."

"நான் ஆருக்காகப் போறன் எண்டு பிள்ளையாருக்குத் தெரியும். நீங்கள் குழியைப் பாருங்கோ."

மனிதர் நல்ல மனிதர். சுற்றி வேறு வழியால் போய், எனக்காக இன்னும் மோசமான ஒரு வீதியையும் பிடித்தார். அன்று பிள்ளையாருக்கு முன்னால் நின்று நான் கேட்டது வேறொன்றுமில்லை, நுளம்பின் தலை கழலக்கூடாது என்பதுதான்.

வீட்டுக்கு வந்து திறந்தேன். பஞ்சு வைத்தவை தூள். துணி வைத்தவை பாதி. ரிஷ்யூத் தாளைச் சுருட்டாமல், அமத்தாமல், ஒரு மடிப்பு மடித்துச் செருகியவை எல்லாம் முழு உடம்போடு கிடந்தன. அடுத்த நாளே மேர்லினுக்குக் காட்டினேன். அவள் நெருப்புக்குச்சியைத் தூக்கி எறிந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"அன்ரி, ஒண்டு கேக்கிறன். திரும்பவும் அதே முடிவு வந்தா?"

"வந்தா வந்ததுதான், மேர்லின். நான் மறைக்க மாட்டன்."

"மறைக்கச் சொல்லேல்லை. அப்பிடியும் வரலாம் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் பிடிக்கிறன்" என்றாள். அவள் நினைத்திருந்தால் காட்டுக்குள் தள்ளிப் போய், ஆட்களைக் கடிக்காத நுளம்புகளைப் பிடித்து அனுப்பியிருக்கலாம். நாங்கள் கண்டுபிடித்திருக்க மாட்டோம். அவள் அதே வாசலில்தான் திரையைக் கட்டினாள்.

இரண்டாவது பெட்டி வந்தது. முதல் குழாயைத் திறந்தேன். முழு நுளம்பு. காலும் செட்டையும் அப்படியே, வயிறு கறுத்துப் பருத்து. டொக்டர் ஹெலன் தன் அறையைப் பூட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் குழாயைத் திறந்து தர, நான் வெட்டினேன். நீல இடுக்கி, சிவப்பு இடுக்கி, பிளீச், தண்ணீர், ஸ்பிரிட், புதுக் கடதாசி. அவருக்கு அப்போதே முழங்கால் வருத்தம், ஆனாலும் எழும்பவில்லை. இடையில் இரத்தம் குடிக்காத நுளம்பையும் வழமைபோல் நுழைத்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது, அது சுத்தமாகவே வந்தது.

வயிறுகளில் திரும்பவும் பாதிக்கு மேல் கிருமி. தலைப் பக்கத்தில் மிக மிகச் சில.

மனேஜரோடு வைத்த கூட்டத்தில் என்னையும் இருக்கச் சொன்னார் டொக்டர் ஹெலன். திரையில் அந்த மனிதர் களைத்துப்போய்த் தெரிந்தார். அவருடைய தொழிலாளருக்கும்தான் காய்ச்சல், அவருக்கும் பதில் சொல்ல மேலிடம் இருந்தது.

"அப்படியென்றால் அந்த இடம் ஆபத்தில்லையா?"

"ஆபத்துத்தான். நோயைக் கொடுக்கக்கூடிய நுளம்பு அங்கே இருக்கிறது, கொஞ்சம். ஆனால் வயிற்றில் இருப்பது நுளம்பின் நோய் இல்லை, மனிதரின் இரத்தம். அங்கே பாதிப் பேர் மருந்து முடிக்காமல் கிருமியோடு திரிகிறார்கள். அவர்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனால் கிருமியும் படகில் ஏறும். அங்கேயும் நுளம்பு இருக்கிறது."

மனேஜர் பேனையை எடுத்தார். "நான் என்ன செய்யவேண்டும்?"

"மருந்து" என்றார் டொக்டர் ஹெலன். "மருந்தைக் கடைசிக் குளிசை வரைக்கும் கொடுக்க ஒரு ஆள்."

ஆளை நான் சொன்னேன். இடம் மாற்றும் திட்டத்தை அவர் கைவிடவில்லை, ஒத்திவைத்தார். வருடா வருடம் நுளம்பைப் பார்த்து முடிவெடுப்போம் என்றார். அந்த ஒத்திவைப்புக்காகவே நான் அன்று கழிவறைக்குள் போய் அழுதேன்.

மற்றவர்களின் விரலில் குத்தி இரத்தம் பார்க்க மேர்லினைப் பழக்கினார்கள். அங்கே சனங்களுக்கு ஒரு பழக்கம், காய்ச்சல் விட்டதும் மிச்சக் குளிசையை அடுத்த காய்ச்சலுக்கு என்று பத்திரப்படுத்திவிடுவார்கள். மேர்லின் குழிக்குக் குழி போய், கண் முன்னால் விழுங்கவைத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்வாளாம். அவளைக் காட்டிக்கொடுத்தவள் என்று சொன்னவர்களே இப்போது அவளைக் கண்டால் வாயைத் திறந்துகொண்டு வருகிறார்கள் என்று சிரித்தாள். கொம்பனி தண்ணீர் தேங்குகிற பழைய குழிகளை மூடவும் நுளம்பு வலை கொடுக்கவும் தொடங்கியது. ஒவ்வொரு வருடமும் பெட்டி வந்தது. வயிற்றில் கிருமி குறைந்துகொண்டே போனது. மேர்லினின் கூரையில் மட்டும் அதே தார்ப்பாய், நிறம் வெளிறி, தையல் போட்டு.

நான் ஓய்வுபெற்ற மாதம் அந்த வருடப் பெட்டி வந்தது. என் கடைசிப் பெட்டி. நுளம்புகள் ஒன்றும் குறையவில்லை. எல்லாம் மேர்லினின் வாசல் நுளம்புகள், வயிறு நிறைய இரத்தம். வெட்டினோம், பார்த்தோம். தலைப் பக்கத்தில் கிருமி இல்லை. வயிற்றிலும் இல்லை. ஒன்றில்கூட இல்லை.

அடுத்த நாள் டொக்டர் ஹெலன் கோப்பையோடு வருவதைக் கண்டேன். எங்கோ பிழை, எல்லாவற்றையும் திரும்பச் செய்யவேண்டும் என்று நினைத்து இடுக்கியைக் கையில் எடுத்தேன்.

"அதை வையுங்கள்" என்றார். "நான் நேற்றே எல்லாவற்றையும் திரும்பப் பார்த்துவிட்டேன். சுத்தம். இது வெறும் தேத்தண்ணி."

இரண்டு பேரும் குடித்தோம். பிறகு அவர் மனேஜருக்கு எழுதினார். அடுத்த கிழமை மனேஜரின் பதில் வந்தது: குடியிருப்பை இடம் மாற்றும் திட்டம் கைவிடப்பட்டது. நான் மேர்லினைக் கூப்பிட்டேன்.

"வயிறும் சுத்தம், மேர்லின்."

"அதெப்பிடி? நேத்தும் கால் முழுக்கக் கடி."

"கடிச்சதுதான். வயிறு நிறைய உங்கடை இரத்தம்தான். இரத்தத்திலை ஒண்டுமில்லை."

மற்றச் செய்தியையும் சொன்னேன்.

"திட்டத்தையும் விட்டிட்டினமாம். கேக்குதோ?"

"கேக்குது அன்ரி." பிறகு சின்னப் பிள்ளை அனுமதி கேட்பதுபோல் கேட்டாள். "அப்ப நான் தகரம் வாங்கலாமோ?"

முழுதாய்ப் போட்டு அரைத்தால் மெஷின் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும், கோகிலா. முழுதாய் அரைத்த முதல் பெட்டிக்குப் பழைய மெஷினும் ஆம் என்றுதான் சொன்னது. மேலே இருப்பவர்களிடம் அதை மட்டும் சொல்லு.

போன மாதம் மேர்லினோடு பேசினேன். அங்கே நல்ல மழை. புதுத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் அவள் சொன்ன ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. அவளுக்கும் நான் சொன்னது கேட்டிருக்காது. இரண்டு பேரும் போனை வைக்காமல் அந்த மழையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.